கூட்டுத் தண்ணி

யூவி விளக்கு மாட்டுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. மீன்தொட்டி ஃபில்டரிலிருந்து சுத்தமான தண்ணீர் தொட்டிக்குத் திரும்பி வருகிற ஹோஸை நடுவில் வெட்டி, அந்த இடத்தில் ஒரு முழ நீளக் குழாயைச் செருகி, இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு முடுக்க வேண்டும். குழாய்க்குள்ளே ஒரு கண்ணாடி உறை, அதற்குள்ளே விளக்கு. தண்ணீர் விளக்கைச் சுற்றிக்கொண்டு போகும்போது அதில் மிதக்கிற பாசி, கிருமி எல்லாம் செத்துப்போகும். மீனுக்கு ஒன்றும் ஆகாது. எரிகிற விளக்கை நேராகப் பார்க்கக் கூடாது, கண் கெட்டுவிடும். அதைத் தவிர இந்த வேலையில் பயப்பட எதுவுமில்லை. இருந்தும் அந்த ஆடி மாதம் முழுக்க நான் ஒரு வீட்டை நினைத்துப் பயந்துகொண்டே ஊரெல்லாம் விளக்கு மாட்டினேன்.

அது அயனாவரத்தில் இருக்கிற என் மாமனார் வீடு. அவர் பெயர் தணிகாசலம், பெரம்பூரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு நாலடித் தொட்டி, அதில் ஐந்து ஆண் ஃபைட்டர் மீன்கள் அண்ணன் தம்பி மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. விளக்கு மாட்டினால் அவை ஒன்றையொன்று கடித்துக் குதறிவிடும், அது எனக்குத் தெரியும். மீனையாவது பிரித்து வைத்துவிடலாம். மாமனார் பழையபடி ஆகிவிட்டால் அவரை எந்தப் பாட்டிலில் போட்டு வைப்பது? என் மனைவி இளவேனிலுக்கு அப்போது ஆறு மாதம். ஆவணியில் வளைகாப்பு, பிரசவம் அம்மா வீட்டில் என்று எல்லாம் பேசி முடிந்திருந்தது. இத்தனை வருஷம் கழித்து அவளுக்குத் திறந்த கதவு அது.

மீனுக்கும் மாமனாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

ஃபைட்டர் மீனைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரே தொட்டியில் இரண்டு ஆணை விட்டால் சாயங்காலத்துக்குள் ஒன்று துடுப்பெல்லாம் கிழிந்து மிதக்கும். அதனால்தான் கொளத்தூரில் காலங்காலமாக அதைத் தனித்தனி பாட்டிலில் அடைத்து விற்கிறோம். எங்கள் தெருவில் மீன் பண்ணை வைத்திருக்கிற ரெஜினா அக்கா, ஏதோ ஒரு சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவரிடமிருந்து ஒரு குடுவைத் தண்ணீர் வாங்கி வந்தார். அதை ஒரு மூடி ஊற்றிவிட்டால் போதும், பத்து ஆண் ஃபைட்டர்களை ஒன்றாக விடலாம். தொடாது, முறைக்காது. அந்தத் தண்ணீரில் கிருமி ஒன்று இருந்தது. யாரோ பார்த்துப் பார்த்து வடிவமைத்த கிருமி. நாங்கள் அதைக் கூட்டுத் தண்ணி என்று கூப்பிட்டோம். ஐந்தாறு வண்ணத்தில் ஃபைட்டர்கள் ஒரே தொட்டியில் ரிப்பன் மாதிரி அலைவதைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? ஊரே வாங்கியது.

தொட்டியில் காற்றுக்குமிழி விடுகிறோம் இல்லையா, அது மேலே வந்து உடையும்போது கண்ணுக்குத் தெரியாத சாரல் தெறிக்கும். பக்கத்தில் உட்காருகிறவன் மூச்சில் அது போகும். கிருமி மூக்கிலேயே குடித்தனம் வைத்துக்கொள்ளும். தினமும் புதுச் சாரல் பட்டுக்கொண்டிருந்தால் இருக்கும், படாவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் தானாகப் போய்விடும். இதெல்லாம் அரசாங்க டாக்டர்கள் பிறகு கண்டுபிடித்துச் சொன்னது. இது ஆளை என்ன செய்யும் என்று ரெஜினா அக்காவிடம் கேட்டேன். தொட்டி கழுவிக்கொண்டே பதில் சொன்னார்.

“கோபம் போவாதுடா கபிலா. அது உள்ளயே தான் கெடக்கும். வெளிய வர்ற கதவுக்கு மட்டும் தாழ்ப்பா போட்ரும்.”

நல்லதுதானே என்று முதலில் எல்லோரும் நினைத்தார்கள். ஊருக்கு வெளியே ஒரு துணிக் கம்பெனியில் தையல் மெஷின் வரிசைக்கு ஒரு தொட்டி என்று வாங்கி வைத்தார்கள். அழகுக்காம். அதன் பிறகு அங்கே ஒரு பெண்ணும் லீவு கேட்கவில்லை, ஏன் நேரம் தாண்டியும் நிற்க வைக்கிறாய் என்று கேட்கவில்லை, காய்ச்சலோடு மெஷின் மேலேயே சாய்கிற வரைக்கும் சிரித்த முகமாகவே இருந்தார்கள். வில்லிவாக்கத்தில் ஒரு அம்மா வீட்டில் நானே விளக்கு மாட்டினேன். கையில் கட்டு. கேட்டதற்குப் பரவாயில்லைங்க என்றார். மூன்று வாரம் கழித்து எனக்கு போன் செய்து, எடுத்த எடுப்பில் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிட்டு, தம்பி உங்க மேல ஒண்ணும் இல்ல, அந்த ஆளை வெளிய அனுப்பிட்டேன், தொட்டியையும் வந்து எடுத்துட்டுப் போங்க என்றார். போய் எடுத்து வந்தேன்.

இப்படி அங்கங்கே வெடித்ததும் அரசாங்கம் உத்தரவு போட்டது. கூட்டுத் தண்ணி ஊற்றிய ஒவ்வொரு தொட்டிக்கும் யூவி விளக்கு கட்டாயம். மாட்டும்போதே அந்த வீட்டில் இருக்கிறவர்களுக்கும் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுப் பரிசோதனை. கொளத்தூரில் விளக்கு மாட்டத் தெரிந்த எல்லோருக்கும் அந்த மாதம் மூச்சு விட நேரமில்லை.

இனி மாமனார் கதை. இளவேனிலும் நானும் ஒரே கல்லூரி. விரும்பினோம். அவர்கள் வேறு, நாங்கள் வேறு. எங்கள் அப்பா ஏழுமலை, பட்டறையில் வெல்டர். முறையாகப் பெண் கேட்கப் போனார், அவரைச் சரியாக நடத்தவில்லை, திரும்பி வந்தார். ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டோம். அதன் பிறகு இரண்டு வருஷம் இளவேனில் போன் செய்தால் அந்தப் பக்கம் எடுப்பதில்லை. தீபாவளிக்கு அவள் சமையற்கட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று அழுவாள். பிறகு ஒருநாள் தணிகாசலம் என் மீன்தொட்டிக் கடை வாசலில் வந்து நின்றார். மீன் தொட்டி வேண்டும் என்றார். அவருக்கு மீன் மேல் என்ன அக்கறை, மகளைப் பார்க்க ஒரு சாக்கு. தொட்டியைக் கொண்டுபோய் வைத்தேன், ஃபைட்டர் விட்டேன், கூட்டுத் தண்ணியும் ஊற்றினேன். ஆளை அது என்ன செய்யும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? தினமும் காலையில் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்தார். சில மாதத்தில் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள என்று ஒரே மரியாதை. மூக்குப்பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டே வியாபாரக் கதையெல்லாம் சொன்னார். மனுஷன் எப்படி மாறிவிட்டார் என்று நான் ஆச்சரியப்பட்டதுண்டு. கிருமி விஷயம் பேப்பரில் வந்த அன்றைக்கு எனக்கும் இளவேனிலுக்கும் பதில் கிடைத்துவிட்டது.

மாட்டாமல் இருக்க முடியாது. ரெஜினா அக்காதான் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். விளக்கு கொல்ல வேண்டுமானால் தண்ணீர் அதைத் தாண்டி மெதுவாகப் போக வேண்டும். பெரிய மோட்டாரைப் போட்டு வேகமாக ஓடவிட்டால் குழாயின் வாயோரம் நீலமாக மின்னும், பார்க்கிறவன் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வான், கிருமி தன் பாட்டுக்குத் தப்பித்துக்கொண்டு போகும். வளைகாப்பு முடியட்டும், பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் சின்ன மோட்டாருக்கு மாற்றிக்கொள் என்றார். இளவேனிலிடம் சொன்னேன். பெரிசே போடு கபி என்றாள். பரவாயில்லை என்றேன். அப்போதெல்லாம் எதற்கும் நான் அதைத்தான் சொல்வேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அயனாவரம் போனேன். இரண்டு மோட்டாரையும் பையில் வைத்திருந்தேன். கை எதை எடுக்கிறதோ எடுக்கட்டும் என்ற கோழைத்தனம்தான். அத்தை கொடுத்த ஊறுகாய் பாட்டில்களில் முதலில் ஐந்து மீனையும் தனித்தனியாக மாற்றினேன். ஸ்பாஞ்சைத் தூக்கிப் போட்டேன், கண்ணாடியைச் சுரண்டிக் கழுவினேன், ஏனென்றால் ஒட்டிக்கொண்டிருப்பதை விளக்கு ஒன்றும் செய்யாது, மிதந்து வருவதைத்தான் கொல்லும். சுகாதாரத்துறையிலிருந்து வந்திருந்த பெண் மாமனாருக்கும் அத்தைக்கும் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்துக்கொண்டு, நீங்களும் வாங்க சார் என்று எனக்கும் விட்டாள். நான் தும்மியதில் அவளுக்குச் சிரிப்பு.

ஹோஸை வெட்டிக் குழாயைச் செருகி முடித்து மோட்டாருக்குப் பையைத் திறந்தபோது மாமனார் எட்டிப் பார்த்தார். இரும்புச் சாமான் வியாபாரியின் கண்ணுக்கு எது தப்பும்? ஒரு தொட்டிக்கு எதற்கு இரண்டு மோட்டார் என்று கேட்டார். ஒன்று வேகமாக ஓடும் மாமா என்று மென்று முழுங்கினேன். வேகமாக ஓடினால் விளக்கு என்ன ஆகும் என்று அடுத்த கேள்வி. பொய் சொல்ல எனக்கு வரவில்லை. விளக்கு எரியும், ஒன்றும் சாகாது என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

“சின்னதையே போடுங்க மாப்ள. பேப்பர்ல வந்ததுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. எம் பொண்ண நான் கூப்ட்டனா, இந்தத் தண்ணி கூப்ட்டுச்சான்னு எனக்கும் தெரியணும்ல.”

ஒரு மனுஷன் தன்னைப் பற்றியே பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான் அவருக்குத் தெரியாமல் அவர் மூக்கில் கிருமி வளர்க்கத் திட்டம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். எதுவாக இருந்தாலும் பரவாயில்லை மாமா என்று சொல்லிவிட்டுச் சின்ன மோட்டாரைப் போட்டேன். தண்ணீர் சோம்பலாகத் திரும்பி வர ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்து இளவேனிலிடம் சொன்னபோது என்னைத் திட்டவில்லை. ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தாள், அவ்வளவுதான்.

பரிசோதனை முடிவு அடுத்த வாரம் வந்தது. அந்தச் சுகாதாரத்துறைப் பெண்ணே போன் செய்தாள். அத்தைக்குக் கொஞ்சம் இருக்கிறது, போய்விடும். மாமனாருக்குச் சுத்தமாக இல்லை. அவர் மூக்கில் அந்தக் கிருமி ஒருநாளும் குடியேறிய அடையாளமே இல்லையாம். நான் நம்பவில்லை. இத்தனை நாள் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் என்று வாதாடினேன். அவள் என்னிடமே திருப்பிக் கேட்டாள்: “அவரு பொடி போடுவாரா சார்?”

மூக்குப்பொடி! ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று அவருக்கே கணக்குத் தெரியாது. இந்தப் பொடி போடுகிறவர்கள் யாருக்குமே கிருமி ஒட்டவில்லை, மூக்கில் கால் வைத்ததுமே செத்துவிடுகிறது என்றாள். இளவேனிலிடம் சொன்னதும் அவள் சிரித்தாள், அப்படியே சிரிப்பு அழுகையாகிவிட்டது. அந்தப் பொடி நாற்றத்துக்காகச் சின்ன வயசில் அவர் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்பாளாம். எங்கப்பா தானாத்தான் வந்தாரு, தானாத்தான் கூப்ட்டாரு என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் தலையிலிருந்து மலை இறங்கிய மாதிரி இருந்தது.

அந்தப் பெண் போனை வைப்பதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னாள். அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“உங்களுக்குத்தான் சார் ரொம்ப அதிகமா இருக்கு. நாங்க பாத்ததுலயே அதிகம். நாலஞ்சு வருஷமா அந்தத் தண்ணியிலயே இருக்கீங்கல்ல. கொஞ்சம் பாத்து இருங்க.”

பார்த்து இருப்பதற்கு என்ன இருக்கிறது? நான்தான் சாது என்று பேர் எடுத்தவனாயிற்றே. கடையில் எல்லாத் தொட்டிக்கும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஊர் வேலையும் முடிந்துவிட்டது. அடுத்த இரண்டு வாரத்தில் ஒரு ஆட்டோக்காரரோடு நடுரோட்டில் சண்டை போட்டேன். தொட்டியில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மீன் செத்துப்போச்சு என்று வந்த வாடிக்கையாளரை, உன்னை சோப்புத் தண்ணியில போட்டா நீ இருப்பியா என்று கேட்டேன். ரெஜினா அக்கா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். வீட்டில் இளவேனில்தான் சொன்னாள், நீ பரவாயில்லைன்னு சொல்லியே ரொம்ப நாளாச்சு கபி என்று.

பிறகு ஒரு காலையில் டீக்கடையில் நின்றிருந்தேன். கிளாஸ் எல்லாம் கழுவப் போயிருக்கு என்று மாஸ்டர் காகித டம்ளரில் டீ கொடுத்தார். அதை வாங்கியதும் அப்பா பெண் கேட்கப் போன நாள் முழுசாக என் முன்னால் வந்து நின்றது.

அன்றைக்கு அப்பாவோடு பட்டறை முதலாளியும் துணைக்குப் போயிருந்தார், அவர் மாமனாருடைய சாதிக்காரர்தான். நானும் போயிருந்தேன். முதலாளியை உள்ளே உட்கார வைத்தார்கள். அப்பாவையும் என்னையும் கேட்டுக்குப் பக்கத்திலேயே நிற்க வைத்துவிட்டார்கள். வெயில். அப்பா கையில் பழத்தட்டு, அதை வாங்கவும் ஆளில்லை, கீழே வைக்கவும் இடமில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரே தட்டில் காபி வந்தது. முதலாளிக்கு எவர்சில்வர் டம்ளர். எங்களுக்கு இரண்டு காகித டம்ளர். அப்பா பழத்தட்டை ஒரு கையில் தாங்கிக்கொண்டே குடித்தார். குடித்துவிட்டு அந்தக் காகித டம்ளரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், அவர்கள் வீட்டு வாசலில் எங்கள் குப்பை விழக் கூடாது என்று. திரும்பி வரும் வழியில் என்னிடம் அவர் சொன்னது ஒன்றுதான், அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்டா என்று.

இது எனக்கு மறந்துபோயிருந்தது என்று நினைக்காதீர்கள். எல்லாம் ஞாபகம் இருந்தது. நினைக்கும்போதெல்லாம் பரவாயில்லை என்று தோன்றியது, அதுதான் கொடுமை. நான் மாமனாரை மன்னித்துவிட்டேன் என்றும், அவர் மன்னித்தது மட்டும்தான் சந்தேகம் என்றும் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என் அப்பாவுக்கு நடந்ததற்கு நான் கோபப்படவே இல்லை. அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எவர்சில்வர் டம்ளரில் காபி குடித்துவிட்டு, நல்லா இருக்கு அத்தை என்று சொல்லியிருக்கிறேன். டீயைக் கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். இளவேனிலுக்கு இந்தக் காகித டம்ளர் கதை தெரியாது, அன்றைக்குத்தான் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. வளைகாப்புக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. போய்க் கேட்டால் எல்லாம் உடைந்துவிடும், முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நானேதான் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

“போய்க் கேளு. எனக்காக வாய மூடிக்கிட்டு இருந்தன்னா, அந்த வீட்டுல எனக்கு வளையல் ஏறாது.”

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் போனேன். மாமனார் தொட்டிக்குப் பக்கத்தில்தான் இருந்தார். தொட்டியில் ஒரே ஒரு மீன், மற்ற நான்கும் ஜன்னலோரம் பாட்டில்களில். வாங்க மாப்ள என்றார். வளைகாப்புக்குச் சமையல் யாரிடம் சொல்லியிருக்கிறார், வளையல் எங்கே எடுத்திருக்கிறார் என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் உட்காரவில்லை. கடைசியில், சம்பந்தி வந்துருவாருல்ல என்று கேட்டார்.

“எதுக்கு வரணும்? வாசல் கேட்டுக்கிட்ட நின்னு பேப்பர் கப்புல காபி குடிக்கவா?”

சமையற்கட்டில் தாளித்துக்கொண்டிருந்த அத்தை அடுப்பை அணைத்த சத்தம் கேட்டது. அதன் பிறகு நான் நிறுத்தவில்லை. பழத்தட்டு, வெயில், ஒரே தட்டில் வந்த இரண்டு வகை டம்ளர், சட்டைப் பையில் மடித்து வைத்தது, எல்லாவற்றையும் கொட்டினேன். என் குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும். என் அப்பா அடித்துக் கொடுத்த கேட்டும் கிரில்லும் இந்த ஊரில் எத்தனை வீட்டில் இருக்கிறது தெரியுமா, அந்தக் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தால் அவருக்கு எந்த டம்ளர் என்று கேட்டேன். கடைசியில் மூச்சு வாங்கியது. இத்தோடு எல்லாம் முடிந்தது, இளவேனிலுக்கு இந்த வீடு இனி இல்லை என்று நினைத்தேன். நினைத்தும் வாயை மூட முடியவில்லை, மூட எனக்கு மனசும் இல்லை.

தணிகாசலம் பொடி டப்பாவைக் கையில் வைத்திருந்தார், திறக்கவில்லை. அப்படியெல்லாம் நடக்கவில்லை என்று சொல்வார், இல்லாவிட்டால் எனக்கு ஞாபகமில்லை என்பார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் தொட்டியையே உடைத்திருப்பேன்.

“நான் மறக்கல,” என்றார். “நீங்க இத என்னிக்காவது கேப்பீங்கன்னு மொத நாள்லேர்ந்து காத்துட்டு இருந்தேன். நீங்க பரவாயில்ல பரவாயில்லன்னே சொன்னீங்க. ஏன் அப்படி இருக்கீங்கன்னு பேப்பர்ல வந்தப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு. கேக்காத வரைக்கும் நல்லதுன்னு இருந்துட்டேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “அன்னிக்குப் பண்ணது தப்பு. அதவிட இது தப்பு.”

சாதாரணமாக இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டுமோ அந்த வார்த்தை எனக்கு வரவில்லை. அவரும் அதை எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. அத்தை சமையற்கட்டு வாசலில் வந்து நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஜன்னலோரப் பாட்டில்களில் மீன்கள் ஒன்றையொன்று பார்த்துச் செவுளை விரித்துக்கொண்டிருந்தன. மாமனார் எழுந்து போய் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தார்.

“நானே வந்து கூப்புடறேன். இப்பவே வரேன். வந்தா உங்கப்பா உள்ள விடுவாரா?”

“தெரியல மாமா,” என்றேன். “அவரு எந்தத் தொட்டி பக்கத்துலயும் உக்காந்தது கிடையாது.”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பொத்தானாகப் போட்டார். “நிக்க வெச்சா நிக்கறேன்,” என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார். நான் வெளியே போய் வண்டியைக் கிளப்பினேன்.